தண்ணி படாத ரூம்

மலைக்கு மேல மேகம் இருக்குன்னு கீழ உள்ளவங்க நெனச்சுக்கிட்டு இருக்காங்க, எங்க காலனில மேகம் கதவத் தட்டாம உள்ள வந்து, கட்டில்ல ஏறிப் படுத்து, நம்ம போர்வையவே இழுத்துப் போத்திக்கும், ஐப்பசி பொறந்துட்டா செவுத்துல பாசி, செருப்புல பூஞ்சை, உப்பு டப்பாக்குள்ள கஞ்சி, தீப்பெட்டிய உரசுனா குச்சி நம்ம மூஞ்சியப் பாத்துத் தும்மும், அப்படிப்பட்ட ஊர்ல ஒரே ஒரு ரூம் மட்டும் பொரிச்ச அப்பளம் மாதிரி காஞ்சு கெடந்துச்சு, அது எங்க அக்காவோட ரூம், அக்கா செத்த பொறவும் அந்த ரூம் காயறத நிறுத்தவே இல்ல.

அக்கா பேரு யோகராணி. எங்க காலனில பொம்பளைங்க கொழுந்து பறிக்கப் போவாங்க, ஆம்பளைங்க வண்டி ஓட்டப் போவாங்க, என்னை மாதிரி பாலிடெக்னிக்க பாதில விட்டவனுங்க டீக்கடைக்குப் போவானுங்க, அக்கா மட்டும் எங்கயும் போகாம, வீட்டுக்குப் பின்னாடி தகரம் போட்ட ரூம்ல உக்காந்து பிளைவுட்ட அறுத்து, சட்டம் அடிச்சு, நாலு மூலையிலயும் குழி வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேச்சுத் தேச்சு கேரம் போர்டு பண்ணும். தேய்க்கிற வேல என்னுது. கேரம் போர்டுக்கு இருக்க வேண்டிய குணம் ஒண்ணே ஒண்ணுதான், நெளியக் கூடாது. ஈரக் காத்துல கொஞ்சம் கெடந்தாலும் பலகை மெதுவா முதுக வளைச்சுக்கும், அப்பறம் நடுவுல வெச்ச காயி நம்மளக் கேக்காமலே மூலைக்கு நடந்து போயி குழிக்குள்ள விழுந்து தற்கொலை பண்ணிக்கும்.

அதனால அக்கா அந்த ரூமுக்குள்ள ஒரு சின்ன கோடைக்காலத்த வளத்துச்சு. கோழிக்குஞ்சு பொட்டில தொங்க விடற மாதிரி தாழ்வா குண்டு பல்புங்க, மூலைக்கு மூலை ஈரத்த உறிஞ்சறதுக்குக் கல்லுப்பு மூட்டை, மேல தகரத்துக்கு அடியில தெர்மோகோல், செவுத்துல கடிகாரம் மாதிரி ஒரு மீட்டர், அது மணி காட்டாது, காத்துல எவ்வளவு ஈரம்னு காட்டும். ஈரம் ஏறுனா பல்ப போடும், ரொம்பக் காஞ்சு போனா பலகை வெடிக்கும்னு ஒரு கிண்ணத்துல தண்ணி கொண்டு வந்து வெக்கும். அந்த ரூமுக்குள்ள தண்ணி போகணும்னா அக்கா கையாலதான் போகணும். வேற எவனாச்சும் ஈரக்காலோட வாசப்படி ஏறுனா முடிஞ்சான். வாசல்ல சாக்கு, சாக்குக்கு மேல துண்டு, தொடைச்சிட்டுத்தான் உள்ள வரணும். ஒரு தடவ கவுன்சிலர் சொட்டச் சொட்ட வந்து நின்னாரு. "என்ன தலைவரே, ஓட்டு கேக்க வந்தீங்களா, ஒழுகறதுக்கு வந்தீங்களா?"ன்னு அக்கா கேட்டுச்சு. மனுஷன் கட்சி வேட்டியாலயே காலத் தொடைச்சாரு. அப்படி ஒவ்வொருத்தரா திட்டு வாங்கி வாங்கி, காலனி முழுக்க எல்லாக் காலும் அந்த வாசல்ல தானா நின்னு தானா தொடைச்சுக்கப் பழகிடுச்சு.

அப்பறம் அக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு. எல்லாருக்கும் வர்ற மாதிரிதான் வந்துச்சு, போகும்போது அக்காவையும் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. ஆஸ்பத்திரி வேன் வந்து நின்னப்ப எல்லாரும் ஓன்னு அழுதாங்க, நான் வாடகைக்கு வந்த பிளாஸ்டிக் சேர எறக்கிட்டு இருந்தேன், அன்னிக்கு முழுக்க அதேதான் செஞ்சேன், எறக்குனேன், விரிச்சேன், அடுக்குனேன், ஏத்துனேன். மனசுக்குள்ள எதாச்சும் நடக்குதான்னு அப்பப்ப எட்டிப் பாத்தேன். கடை சாத்தியிருந்துச்சு.

எடுத்துட்டுப் போன பொறவு வீடு கழுவணும்ல, அதுதான் முறை, சாவு நடந்த வீட்டுல ஒரு மூலை விடாம தண்ணி ஊத்திக் கழுவி விட்டாத்தான் போனவங்க போவாங்க. காலனிப் பொம்பளைங்க எல்லாரும் வாளியும் வெளக்குமாறுமா வந்து முன் ரூம கழுவுனாங்க, சமையக்கட்டக் கழுவுனாங்க, நடையக் கழுவுனாங்க, கடைசியா பின்னாடி ரூம் வாசலுக்கு வந்தாங்க, வந்த காலெல்லாம் நின்னுச்சு. காலத் தொடைச்சாங்க. கையில இருக்கற வாளியப் பாத்தாங்க. ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துட்டு, வந்த வழியே திரும்பிப் போயிட்டாங்க. யாரும் வேணும்னு செய்யல, யாரும் அத ஒரு விஷயமா நெனைக்கவும் இல்ல, சாப்பாடு பரிமாற நேரமாயிடுச்சு.

மூணாம் நாள் சடங்குக்குக் கயிறு எடுக்கறதுக்காக மச்சான் அந்த ரூமத் தொறந்தாரு. மச்சான்னா அக்காவோட வீட்டுக்காரரு, தேவராஜ், பிக்கப் வண்டியில கேரட் மூட்டை ஏத்தி மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கொண்டு போறவரு. தொறந்தவரு அப்படியே நின்னுட்டாரு. பல்ப் ஒண்ணும் எரியல, மழையில ஊருக்கே கரண்டு இல்ல, ஆனா உள்ள கதகதன்னு, இப்பத்தான் ஒருத்தர் எந்திரிச்சுப் போன படுக்கை மாதிரி சூடு, செவுத்து மீட்டர்ல முள்ளு காஞ்ச பக்கமா சாஞ்சு கெடக்கு, அடுக்கி வெச்ச போர்டுங்க ஒண்ணு கூட நெளியல. அம்மாவக் கூப்பிட்டாரு. அம்மா உள்ள போகல, வெளிச் செவுத்துல உள்ளங்கைய வெச்சுக் கொஞ்ச நேரம் நின்னுச்சு, புள்ளைக்குக் காய்ச்சலான்னு நெத்தியத் தொட்டுப் பாக்கற மாதிரி.

"இவ போகல"ன்னு சொல்லிட்டு அரிசி களையப் போயிடுச்சு.

கரண்டு ஆபீஸ்ல இருந்து ஒரு அண்ணன் வந்தாரு. கரண்டு மீட்டர்ல சக்கரம் சுத்தல, பல்பத் தொட்டா ஜில்லுன்னு இருக்கு, ரூம் மட்டும் சுடுது.

"கொக்கி கிக்கி ஒண்ணும் போடலியே தம்பி?"

"இல்லண்ணே. எங்க அக்கா."

"செத்துப் போச்சே, அந்த அக்காவா?"

"அதேதாண்ணே."

"அப்ப சரி"ன்னாரு. நனைஞ்ச தொப்பியக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்னு சொல்லிட்டுப் போனாரு.

தொப்பியில ஆரம்பிச்சது. மறுநாள் ஸ்கூல் யூனிபார்ம் வந்துச்சு, அதுக்கு மறுநாள் கொழந்தைங்க இருக்கற வீட்டுல இருந்து துணி துணியா வந்துச்சு, அப்பறம் மொளகா, மல்லி, நமுத்துப் போன பட்டாசு, பூஞ்சை புடிச்ச கல்யாண ஆல்பம், சர்ச்சுல இருந்து பாட்டுப் புஸ்தகம், கோயில்ல இருந்து சாமியோட பட்டுப் பாவாடை, ரெண்டும் ஒரே கொடியில பக்கத்துப் பக்கத்துல தொங்கி ஒண்ணையொண்ணு கண்டுக்காமக் காஞ்சுச்சு. ஒரு அம்மா முட்டைய அடைக்கு வெச்சிட்டுப் போச்சு, கோழிய வெக்கல, முட்டை பொரிஞ்சுச்சு, பொரிஞ்ச குஞ்சுங்க அக்காவோட உளிப்பெட்டியத் தாயின்னு நெனச்சு அது பின்னாடியே திரிய ஆசப்பட்டு, அது நகராததால அதச் சுத்திச் சுத்தி வந்துச்சுங்க. யாரும் அதிசயப்படல. நல்ல தண்ணி வர்ற குழாய் எங்க இருக்குன்னு தெரிஞ்சா மாதிரி, காயற எடம் எங்க இருக்குன்னு தெரிஞ்சு போச்சு, அவ்வளவுதான். "யோகாகிட்டக் குடுத்துட்டு வா"ன்னு புள்ளைங்கள அனுப்புவாங்க. எல்லாரும் வாசல்ல காலத் தொடைச்சுட்டுத்தான் வருவாங்க. துண்டக் குடுக்கற வேல எனக்கு.

துணியோட நின்னிருந்தா எங்களுக்கு ஒண்ணும் ஆயிருக்காது.

எஸ்தர் அக்கா எங்களுக்குப் பக்கத்து வீடு. அது பொண்ணு ஒருத்தனக் கட்டிக்கிட்டுக் கீழ போயிடுச்சு, அதுல இருந்து பேச்சுவார்த்தை இல்ல, எஸ்தர் அக்கா தெனமும் சாயங்காலம் வாசல்ல உக்காந்து அழும், அது அழ ஆரம்பிச்சா காலனில உல வெப்பாங்க, அவ்வளவு கரெக்டா அழும். ஒரு நாள் சர்ச்சுக்குப் போட வேண்டிய சேலைய எடுக்க உள்ள வந்துச்சு, வரும்போதே அழுதுக்கிட்டு வந்துச்சு, சேலையக் கையில எடுத்துச்சு, அழுகை நின்னு போச்சு. பர்ஸத் தொலைச்சவங்க இடுப்பத் தடவற மாதிரி கன்னத்தத் தடவிப் பாத்துச்சு.

"டேய் சதா, இங்கதான் இருந்துச்சு."

"என்னக்கா?"

"அழுதுக்கிட்டு இருந்தேன்டா. காஞ்சு போச்சு."

"நல்லதுதானே, வீட்டுக்குப் போயி சீரியல் பாரு."

"பொண்ண நெனச்சுப் பாக்கறேன், ஒண்ணும் ஆகல. நெனைக்கிறேன், சும்மா யாரோ மாதிரி வருது, போகுது." எஸ்தர் அக்கா சேலைய மடிச்சுத் தோள்ல போட்டுக்கிச்சு. "நல்லாத்தான் இருக்கு"ன்னுச்சு.

அந்த வாரமே விஷயம் பரவிடுச்சு. துணி வெக்க வந்தவங்க போயி, அழறவங்க வர ஆரம்பிச்சாங்க. பையன் பெயிலான அம்மா, சீட்டுக் கட்டி ஏமாந்த அப்பா, லவ் புட்டுக்கிட்டுப் போன பசங்க, கட்டபெட்டுல இருந்து பஸ் ஏறி வந்த ஒரு விதவை, எல்லாரும் காலத் தொடைச்சிட்டு உள்ள போயி, போர்டு அடுக்குக்கும் உப்பு மூட்டைக்கும் நடுவுல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு, கண்ணு காஞ்சு, மூஞ்சி இஸ்திரி போட்ட மாதிரி வெளிய வருவாங்க. "எப்படிண்ணே இருக்கு?"ன்னு கேப்பேன். "ஒண்ணுமில்ல தம்பி"ம்பாங்க. அதுதான் அவங்களுக்கு வேணும், ஒண்ணுமில்லாம இருக்கறது. எனக்கு அந்த ரூம் ஒண்ணும் செய்யல. ஏற்கனவே காஞ்ச துணியக் கொடியில போட்டா என்ன ஆகும், அப்படியே தொங்கும்.

காலனி மாறிப் போச்சு. குழாயடில சண்டை இல்ல. புருஷன் பொண்டாட்டி சத்தம் இல்ல. கொழந்தைங்களுக்கு ஊசி போட வந்த நர்சம்மா, ஒண்ணு கூட அழலன்னு எல்லாக் கொழந்தைக்கும் சாக்லேட் குடுத்துச்சு, ஒரு கொழந்தையும் சிரிக்கவும் இல்ல. வாட்ச்மேன் தொரைராசு செத்தப்ப பொம்பளைங்க முறைப்படி போயி, ஒருத்தர் தோள ஒருத்தர் புடிச்சு, வட்டமா உக்காந்து, வாயத் தொறந்தாங்க, ஒண்ணும் வரல. மரியாதைக்குக் கொஞ்ச நேரம் அப்படியே புடிச்சுக்கிட்டு, பஸ்ஸுக்கு நிக்கறவங்க மாதிரி இருந்தாங்க, ஒருத்தி கொட்டாவி விட்டா. தொரைராசு பொண்டாட்டி, "டீ சாப்புடறீங்களா?"ன்னு கேட்டுச்சு. சாப்புட்டோம். சர்க்கரை போட மறந்துட்டாங்க, யாரும் கேக்கல.

பஞ்சாயத்துல எங்க காலனிய முன்மாதிரிக் காலனின்னு சொல்லி போர்டு வெச்சாங்க.

எங்க வீட்டுல ரெண்டு பேரு அந்த ரூம விட்டு வெளிய வர்றதில்ல. ஒண்ணு மச்சான். மண்டிக்குப் போயிட்டு வந்தா நேரா உள்ள போயி, சட்டையக் கழட்டிப் போட்டு, தரையில மல்லாந்து படுத்துக்குவாரு. இன்னொண்ணு கனிஷ்கா, அக்காவோட பொண்ணு, ஒண்ணாங்கிளாஸ். ஸ்கூல் விட்டு வந்தா அங்கயே வீட்டுப்பாடம், அங்கயே சாப்பாடு, அங்கயே தூக்கம். முதல்ல நாங்க சந்தோசப்பட்டோம், அம்மா எங்கன்னு கேட்டு அழாம இருக்காளேன்னு. அப்பறம் பாத்தா எதுக்குமே அழல. அம்மா, அதாவது எங்க அம்மா, மட்டும் அந்த ரூமுக்குள்ள ஒரு நாளும் காலெடுத்து வெக்கல, தொவைக்கிற கல்லுகிட்டப் போயி அழுதுட்டு, மூஞ்சியக் கழுவிட்டு வந்து சோறு போடும். காலனியிலயே ஈரமா இருந்தது அது ஒண்ணுதான்.

"தம்பி, அந்த ரூமக் கழுவி விட்டுரலாம்"ன்னு மச்சான்கிட்ட அம்மா கேட்டுச்சு. "அன்னிக்கு விட்டுப் போச்சு. அவ போக வேணாமா?"

"எதுக்கு அத்தை? அவ பாட்டுக்கு இருக்கா. யாருக்குத் தொந்தரவு?"

"புள்ள மூஞ்சியப் பாத்தீங்களா? ஒதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு."

"வேசலின் வாங்கிட்டு வர்றேன்."

வாங்கிட்டும் வந்தாரு. தடவுனா அஞ்சு நிமிஷத்துல அதுவும் காஞ்சுச்சு. அந்த நேரத்துலதான் போர்டுங்க வெடிக்க ஆரம்பிச்சுச்சு. திடீர்னு டப்புன்னு ஒரு சத்தம், போயிப் பாத்தா நடுவுல ஒரு கோடு விட்டிருக்கும். மீட்டர் முள்ளு ஓரத்துல போயி, அதுக்கு மேல போக எடமில்லாம முட்டிக்கிட்டு நின்னுச்சு. அக்கா உசுரோட இருந்திருந்தா ஒரு கிண்ணம் தண்ணி கொண்டு வந்து வெச்சிருக்கும். அக்காவோட சூடுதான் மிஞ்சியிருந்துச்சு, அத அளவாப் பாத்து வெக்கற அக்கா மிஞ்சல.

ஒரு மத்தியானம் நான் வாசல்ல துண்டு காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். கனி வெளிய வந்து எம் பக்கத்துல நின்னா, ரொம்ப நேரமா நிக்கறா, நான் கவனிக்கல.

"மாமா."

"ம்."

"இது மூட மாட்டேங்குது."

திரும்பிப் பாத்தா உள்ளங்கை குறுக்க, உளி கிழிச்ச காயம், ஆழமா வாயத் தொறந்து கெடக்கு. ரத்தம் எட்டிப் பாத்துட்டு, வரலாமா வேணாமான்னு ஓரத்துலயே நின்னுக்கிட்டு இருக்கு. இவ அத, பென்சில் பாக்ஸ் மூடி சரியா விழலன்னு காட்டற மாதிரி காட்டறா.

தூக்கிக்கிட்டு ஓடுனேன். புள்ளையத் தூக்குன மாதிரியே இல்ல, காஞ்ச பிளைவுட்டு மாதிரி லேசா இருந்தா. ஆரம்ப சுகாதார நிலையத்துல, தையலுக்கு முன்னாடி மரத்துப் போக ஊசி போடும்போதே, சுளிக்காத அவ மூஞ்சியப் பாத்துட்டு நர்சம்மா கைய நிறுத்திடுச்சு. கொழந்தைங்க அழலன்னு சாக்லேட் குடுத்த அதே நர்சம்மா.

"பாப்பா, வலிக்குதா?"

"தெரியல."

"அழணும்னா அழுதுக்கோ கண்ணு, ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"எதுக்கு?"

நர்சம்மா என்னைப் பாத்துச்சு. "இவங்க அம்மா எங்க?"

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள கனியே சொன்னா. "அம்மா செத்துப் போச்சு. மாமா, மத்தியானம் என்ன சாப்பாடு?" ரெண்டும் ஒரே கொரல்ல, நடுவுல ஒரு மூச்சு கூட விடாம. நான் பெஞ்சுல உக்காந்து இருந்தேன், எனக்கு அப்பவும் ஒண்ணும் ஆகல, ஆனா ஒண்ணும் ஆகலன்றது முதல் தடவையா பயமா இருந்துச்சு. எனக்கு இருந்துட்டுப் போகுது, நான் பாலிடெக்னிக்கையே பாதில விட்டவன், என்னைப் பாதில விட்டா யாருக்கும் நஷ்டம் இல்ல. இவளுக்கு ஆறு வயசு. அடுப்புல கைய வெச்சாலும் எடுக்க மாட்டா.

"இந்தப் புள்ள அழணும் தம்பி"ன்னு நர்சம்மா சொல்லுச்சு. "அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல."

வீட்டுக்கு வந்து ரூமக் கழுவறதுன்னு முடிவு பண்ணி அம்மாகிட்டச் சொன்னேன், அம்மா வாளிய எடுத்துச்சு, அதுக்குள்ள காலனியே வாசல்ல கூடிடுச்சு. யாரும் கோவப்படல, கோவம் யாருகிட்டயும் இல்ல, சாந்தமா நின்னு காரணம் சொன்னாங்க.

"கிறிஸ்மஸ் வரைக்கும் பொறுடா"ன்னு எஸ்தர் அக்கா. "சர்ச்சுல பாடற கொயருக்கு அத்தனை சேலை காயணும்."

"எம் மவளுக்கு அடுத்த மாசம் பிரசவம், துணி எங்க காயப் போடறது?"ன்னு இன்னொருத்தங்க.

"பொங்கல் கழிச்சுப் பண்ணு தம்பி"ன்னாரு கரண்டு அண்ணன். "மழை விட்டுரும். யாருக்கும் கஷ்டமில்ல."

"இவ கைய அறுத்துக்கிட்டாண்ணே, அழலண்ணே"ன்னேன்.

எல்லாரும் கனியப் பாத்தாங்க. "தையல் போட்டாச்சுல்ல"ன்னாங்க. நெசமாவே புரியாமத்தான் கேட்டாங்க.

மச்சான் வண்டிய நிறுத்திட்டு வந்தவரு, கூட்டத்த வெலக்கிக்கிட்டு நேரா ரூமுக்குள்ள போயி நடுவுல உக்காந்துட்டாரு. நான் உள்ள போயி எதிர்ல உக்காந்தேன்.

"மச்சான், எந்திரிங்க."

"கழுவுனா போயிருவாடா."

"போனவதான மச்சான்."

"ஒனக்கென்ன, நீ அன்னிக்கே சேர் அடுக்கிக்கிட்டுத் திரிஞ்சவன்." சொல்லிட்டு அவரே கையால வேணாம்னு சைகை காட்டுனாரு. "தப்பா எடுத்துக்காத மாப்ள. வண்டி ஓட்டிக்கிட்டு மலை எறங்கும்போது ஒவ்வொரு வளைவுலயும் அவ ஞாபகம் வருது, திருப்பறதுக்குக் கை வரமாட்டேங்குது. இங்க வந்து படுத்தா ஒண்ணும் தோணல. அது போதும் எனக்கு."

"ஒண்ணும் தோணாததுக்குப் பேரு அக்காவா மச்சான்? அது வாய வெச்சுக்கிட்டு ஒரு நாள் சும்மா இருந்திருக்கா? ஒரு சொட்டுத் தண்ணிக்கு ஊரையே கிழிக்கும்."

கனி எங்களுக்கு நடுவுல வந்து நின்னா, கட்டுப் போட்ட கையோட. மச்சான் அவளப் பக்கத்துல இழுத்து உக்கார வெச்சாரு.

"கனிம்மா, மாமாவும் பாட்டியும் இந்த ரூமக் கழுவணும்ங்கறாங்க. கழுவுனா அம்மா போயிரும். அப்பறம் வராது. பரவால்லயாடா?"

வேணாம்னு சொல்லுவான்னு நெனச்சுத்தான் கேட்டாரு. ஒரு தடவ வேணாம்னு சொல்லியிருந்தா போதும், எங்க எல்லாரையும் அடிச்சுத் தொரத்தியிருப்பாரு.

"ம்"ன்னா. இட்லி இன்னொண்ணு வெக்கட்டுமான்னு கேட்டா சொல்ற அதே ம்.

"அம்மா போயிரும்டா."

"ம். சரிப்பா."

மச்சான் அந்த மூஞ்சிய ரொம்ப நேரம் பாத்தாரு. வெடிச்ச ஒதட்டப் பாத்தாரு, கண்ணு ரெண்டையும் பாத்தாரு, ஈரமே இல்லாம சட்டைப் பித்தான் மாதிரி இருக்கற கண்ணு. அப்பறம் எந்திரிச்சு, வாசல்ல நின்ன அம்மா கையில இருந்து வாளிய வாங்கி, துண்டத் தாண்டி ஈரக்காலோட உள்ள வந்து, கொடியில கெடந்த துணிமணி, பாட்டுப் புஸ்தகம், மொளகா, கோழிக்குஞ்சு எதையும் பாக்காம, ஒரே வீச்சா ஊத்துனாரு.

தரை சூடான தோசைக்கல்லு மாதிரி சொய்ங்குன்னுச்சு. ஆவி கெளம்பி எங்க மூஞ்சியெல்லாம் மறைஞ்சுச்சு. அம்மா அடுத்த வாளியக் குடுத்துச்சு, நான் ஊத்துனேன், அம்மாவே உள்ள வந்து மூலை மூலையா ஊத்துச்சு, உப்பு மூட்டைங்க கரைஞ்சு கால்ல ஓடுச்சு. தொறந்த கதவு வழியா வெளிய இருந்த மேகம் உள்ள வந்துச்சு, உள்ள இருந்த சூடு வெளிய போச்சு, வாசல்ல நின்னவங்க ஒவ்வொருத்தரா கூட்டத்துல ஒரு ஆளுக்கு வழி விடற மாதிரி ஒதுங்குனாங்க, யாரும் யாரையும் ஒதுங்கச் சொல்லல. அக்கா போயிடுச்சு. போர்டுங்க ஒண்ணொண்ணா முதுக வளைக்க ஆரம்பிச்சுச்சு, சட்டம் விட்டுச்சு, ஆணி பிதுங்குச்சு, அக்கா கடைசியாப் பண்ணி வெச்ச போர்டு அத்தனையும் எங்க கண்ணு முன்னாடி சுருண்டுச்சு.

நாங்க கனியப் பாத்துக்கிட்டே நின்னோம். அவ தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு இருந்தா. கால் வெரல ஆட்டிப் பாத்தா. நெளிஞ்ச போர்டு ஒண்ணத் தொட்டுப் பாத்தா. அப்பறம் சட்டுன்னு பயந்து போயி கைய எடுத்துட்டு, சமையக்கட்டுப் பக்கமாத் திரும்பி, தோளக் குறுக்கிக்கிட்டு, கண்ண இறுக்க மூடிக்கிட்டு நின்னா. திட்டு விழும்னு நிக்கறா. ஈரத்தக் கொண்டாந்து பலகையக் கெடுத்துட்டா, அந்தப் பக்கத்துல இருந்து கத்திக்கிட்டு ஒரு ஆளு வரணும்ல, அதுக்காக நிக்கறா.

யாரும் கத்தல.

ஒரு கண்ணத் தொறந்து பாத்தா. அடுத்த கண்ணையும் தொறந்தா. எங்க மூஞ்சியெல்லாம் ஒவ்வொண்ணாப் பாத்துட்டு, "யாருமே திட்டல"ன்னா. கொரல் பாதில ஒடைஞ்சுச்சு. "அப்பா, யாருமே திட்டல." அப்பறம் வந்துச்சு பாருங்க அழுகை, அத்தனை வாரமாச் சேத்து வெச்சது, மேல் தகரம் அதிர, வாந்தி எடுக்கற மாதிரி வயித்துல இருந்து, கையி வலிக்குதுன்னு, குளுருதுன்னு, அம்மா வேணும்னு, எல்லாத்தையும் ஒரே நேரத்துல. மச்சான் அவளத் தூக்கப் போனாரு, முடியாம அந்தத் தண்ணியிலயே உக்காந்து, அவளக் கட்டிக்கிட்டாரு. வாசல்ல காலனியே நின்னு அந்தச் சத்தத்த ரேடியோ கேக்கற மாதிரி கேட்டுச்சு, தலைய லேசா சாச்சு, எங்கயோ கேட்ட பாட்டா இருக்கேன்னு.

மத்தவங்களுக்கு உடனே வரல. கொஞ்சம் கொஞ்சமா, சம்பந்தமில்லாத எடத்துல வந்துச்சு. எஸ்தர் அக்காவுக்கு மத்தி மீனு வாங்கும்போது வந்துச்சு, மீன்காரரு கெட்டுப்போன மீனான்னு மோந்து பாத்தாரு. அழுதுக்கிட்டே கீழ பஸ் ஏறிப் போயி பொண்ணு வீட்டுக் கதவத் தட்டிடுச்சு. கரண்டு அண்ணனுக்குக் கம்பத்து மேல வந்துச்சு, எறங்க முடியாம ஒரு மணி நேரம் மேலயே உக்காந்து அழுதாரு, கீழ கரண்டு இல்லாம எல்லாரும் பொறுமையா நின்னோம். தொரைராசு பொண்டாட்டிக்கு டீயில சர்க்கரை இல்லன்னு தெரிஞ்சப்ப வந்துச்சு. குழாயடில மறுபடியும் சண்டை. பஞ்சாயத்து போர்ட எடுத்துட்டாங்க. துணியெல்லாம் ஈரமாத்தான் இருக்கு, ஈரமாவே போட்டுக்கிட்டுத் திரியறோம், எல்லார் மேலயும் ஒரு ஊறுன வாசம்.

எனக்கு மட்டும் இன்னும் வரல. அந்த ரூம்ல இப்ப பாசி புடிச்சிருக்கு, நான் அங்கதான் படுக்கறேன், சில்லுன்னு இருக்கு, அவ்வளவுதான். மச்சான் அதப் பத்திக் கேக்கறதில்ல, அம்மா கேக்கறதில்ல. கனிதான், தெனமும் காலையில ஜடை பின்னிக்க எம் முன்னாடி வந்து உக்காருவா, உக்காந்தவ திரும்பி, தையல் போட்ட கையால எம் மோவாயப் புடிச்சு, கண்ணு ரெண்டையும் டாக்டரு மாதிரி கிட்டக்க வந்து பாப்பா.

"இன்னிக்கும் இல்லியா மாமா?"

"இல்லடி. திரும்பு, பஸ் வந்துரும்."

"சரி, நாளைக்குப் பாப்போம்"னுட்டுத் திரும்பிக்குவா.